பலகையில் பல்லாவரம்

அந்தக் கருவியை நான் கோபத்தில்தான் கண்டுபிடித்தேன்.

ஒரு ஜூன் மாத மாலை, சைதாப்பேட்டையில் பஸ் ஏறினேன். உட்கார இடமில்லை. ஜன்னலோரம் சாய்ந்திருந்த ஒருவரிடம், இந்த ஊரில் நின்றுகொண்டு போகிற எல்லோரும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். "சார், எங்க எறங்குறீங்க?"

"இதோ, கிண்டி" என்றார்.

உடனே அவர் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கம்பியை முதலில் பிடித்தவருக்கே அந்த சீட் என்பது சென்னையில் எவரும் எழுதி வைக்காத, எல்லோரும் மதிக்கிற சட்டம். கிண்டி வந்தது, போனது. அவர் தூங்கிப்போயிருந்தார். தட்டி எழுப்ப மனம் வரவில்லை. அக்கம்பக்கத்தில் இரண்டு சீட்டுகள் காலியாயின. அந்தக் கம்பிகளைப் பிடித்திருந்தவர்கள் அவற்றில் உட்கார்ந்தார்கள். தாம்பரத்தில் நான் இறங்கப் போனபோது அவர் கண்ணைத் திறந்து, "கிண்டி போயிடுச்சா தம்பி?" என்று என்னையே கேட்டார்.

என் பெயர் நல்லசிவம். நகர்ப் பயண வாரியத்தில் மென்பொருள் பிரிவு. முழங்கால் வலியோடு மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்தபோது ஒரே ஒரு கேள்விதான் மனதில் ஓடியது. யார் எங்கே இறங்குவார்கள் என்று பஸ்ஸுக்கே தெரிந்துவிட்டால் என்ன?

ஒன்றரை வருடத்தில் செய்து முடித்தோம். ஏறும்போது பயணி அட்டையைத் தொட்டுவிட்டு ஏறுவார். அவருடைய பத்து வருடப் பயணங்களை இயந்திரம் அரை நொடியில் புரட்டும். கிழமை, நேரம், மழை, பள்ளி விடுமுறை, கிரிக்கெட் மேட்ச் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அவர் உட்கார்ந்ததும் சீட்டுக்கு மேலே இருக்கும் கையகலப் பலகையில் அவர் இறங்கப்போகும் நிறுத்தத்தின் பெயர் பச்சை எழுத்தில் எரியும். நிற்கிறவர்கள் பார்த்து, தங்களுக்குத் தோதான கம்பியைப் பிடித்துக்கொள்ளலாம். ஜனங்கள் அதற்கு 'ஜாதகம்' என்று பெயர் வைத்தார்கள்.

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாக இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீஸ் போவதாகச் சொல்லிவிட்டு மெரினா போனவர் ஒருவர் பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் மாட்டிக்கொண்டார் என்றும், பலகையால் இரண்டு கல்யாணம் நின்று ஒரு கல்யாணம் நடந்தது என்றும் கதை கதையாக வந்தது. எல்லாவற்றையும் பெருமையாகவே கேட்டேன். பஸ்ஸில் யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை என்பதையும் அப்போது வெற்றிக் கணக்கில்தான் சேர்த்திருந்தேன்.

எங்கள் தலைமை அதிகாரி ரெஜினா மேடம் அடுத்த கட்டத்துக்குத் தயாரானார். எந்தப் பலகையிலும் பெயர் வராத நிறுத்தத்தில் பஸ் நிற்காது, கதவும் திறக்காது. "தாம்பரத்துக்குப் பதினோரு நிமிஷம் மிச்சம், நல்லசிவம். திங்கட்கிழமைல இருந்து எல்லா வண்டியிலயும் போட்டுடலாம். அதுக்கு முன்னாடி அந்த ஒரு சதவீதம் ஏன் தப்பாகுதுன்னு போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார்.

அப்படித்தான் அந்தப் புதன்கிழமை மாலை, சைதாப்பேட்டையிலிருந்து வண்டலூர் போகும் 318-இல் கையில் நோட்டோடு ஏறினேன். கண்டக்டர் பெயர் ஜோதிபாசு. டிக்கெட் கிழிக்கிற வேலை போய்விட்டதால், கூட்டத்தை உள்ளே தள்ளுவதும் விசில் ஊதுவதும் மட்டும் அவருக்கு மிச்சமிருந்தன. நான் தேடி வந்ததைச் சொன்னேன்.

"அந்த ஒரு பர்சென்ட்டா சார்? அதுல பாதிப் பேரு தூங்குறவங்க. மீதிப் பேரு எருமை மாட்டு மேல மழ பேஞ்ச மாதிரி இருக்கிறவங்க."

"புரியலையே."

"நின்னு பாருங்க, புரியும்" என்றார்.

கிண்டியில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் ஏறினாள். தோள்பையில் துணி வெட்டும் கம்பெனியின் அடையாள அட்டை தொங்கியது. நிரோஷா என்று அதில் பெயர். பெண்கள் பக்கம் ஒரு சீட் கிடைத்து உட்கார்ந்தாள். தலைக்கு மேலே 'பல்லாவரம்' என்று எரிந்தது. அவள் அண்ணாந்து அதைப் பார்த்த பார்வை, கடன்காரனைப் பார்க்கிற பார்வையாக இருந்தது.

அடுத்த நிறுத்தத்தில் ஏறிய ஒரு அம்மாள், ஐம்பது வயது இருக்கும், பலகைகளை ஒரு சுற்று பார்த்துவிட்டு நேராக வந்து நிரோஷாவின் கம்பியைப் பிடித்தார். "கோகிலவாணி டீச்சர். கணக்கு டீச்சர். சீட்டு விஷயத்துல ஐகோர்ட்டு" என்று ஜோதிபாசு என் காதில் சொன்னார்.

பல்லாவரம் நெருங்கியது. நிரோஷா எழவில்லை. டீச்சர் பலகையைப் பார்த்தார், நிரோஷாவைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார். பின்சீட்டுப் பெண், "ஏம்மா, உன் ஸ்டாப்பு" என்றாள். நிரோஷா மெல்ல எழுந்தாள். அவ்வளவுதான். "எறங்குறாங்க, வழி விடுங்க" என்று ஆளாளுக்கு வயிற்றை எக்கி வழிவிட்டார்கள். பந்தியில் இலை எடுக்கிற வேகத்தில் அவளை வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். எனக்கு என்னவோ போலிருந்தது. நானும் இறங்கினேன்.

"நீங்க இங்க எறங்கணும்னு நெனைக்கலதானே?" என்று கேட்டேன். வாரியத்தின் ஆள் என்று சொன்னதும் அவளுக்குக் கண்கள் நிறைந்துவிட்டன. பிறகு அவளே சிரித்தாள்.

"பெருங்களத்தூர் போகணும் சார். பொம்பளைங்களுக்கு ஹெவி வண்டி ஓட்டக் கத்துக்குடுக்கறாங்க, இலவசமா. திங்கள், புதன், வெள்ளி. ஆறரைக்கு கேட்ட சாத்திடுவாங்க. திங்கக்கெழம இதே மாதிரி எறக்கி விட்டுட்டாங்க. இன்னைக்கும் போச்சு. இனிமே அடுத்த பஸ்ஸப் புடிச்சாலும் ஆறே முக்கால் ஆயிடும். மூணு நாள் வரலன்னா பேர எடுத்துட்டு அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்களாம். அடுத்த பேட்ச் ஒரு வருஷம் கழிச்சுத்தான்."

"எழுந்திருக்காம உக்காந்திருக்க வேண்டியதுதானே?"

"அது எப்படி சார்? கம்பியப் புடிச்சுக்கிட்டு ஒருத்தங்க நிக்கிறாங்க. பஸ்ஸே பாக்குது. பத்து வருஷமா பல்லாவரத்துல எறங்குறவ இன்னைக்கு உக்காந்திருந்தா, சீட்டுக்காகப் பொய் சொல்றான்னுதானே நெனைப்பாங்க?"

"முதல்லயே உக்காராம நின்னுட்டே போகலாமே?"

"காலைல எட்டு மணில இருந்து டேபிள் முன்னாடி நிக்கிறேன் சார். காலி சீட்ட வச்சுக்கிட்டு நிக்கிறதுக்கு எனக்கென்ன வேண்டுதலா?"

அவள் வீட்டுப்பக்கம் நடந்து போனாள். இயந்திரம் அவளைச் 'சரி' என்று குறித்துக்கொண்டிருக்கும். அந்தத் தொண்ணூற்றொன்பதில் இன்னும் எத்தனை நிரோஷாக்கள்?

வியாழக்கிழமை ஒரு சோதனை செய்தேன். பத்து பஸ்களில் பலகைகளை 'பழுது' என்று அணைத்து வைத்தேன். இயந்திரம் வழக்கம்போல உள்ளுக்குள் கணித்துக்கொண்டுதான் இருந்தது, வெளியே சொல்லவில்லை, அவ்வளவே. மாலையில் கணக்கு வந்தது. நூற்றுக்கு அறுபத்தொன்று.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை எல்லோருக்கும் தெரியும். நாங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், 'இங்கே பழம் விழும்' என்று பலகை எழுதி மாட்டிவிட்டு, காக்கையையும் பிடித்து உட்கார வைத்திருந்தோம். நூற்றில் முப்பத்தெட்டுப் பேர், தங்கை வீட்டுக்கோ கோயிலுக்கோ கடைக்கோ போக நினைத்தவர்கள், வெட்கத்துக்குப் பயந்து வழக்கமான இடத்திலேயே இறங்கி வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

தாளை எடுத்துக்கொண்டு ரெஜினா மேடத்திடம் ஓடினேன். அவர் பொறுமையாகப் படித்தார்.

"அணைச்சா அறுபத்தொண்ணு. எரிஞ்சா தொண்ணூத்தொம்பது. அப்படித்தானே?"

"ஆமா மேடம்."

"அப்ப எரிய விடுங்க. இதுல என்ன பிரச்சினை?"

"மேடம், அவங்க போக வேண்டிய எடத்துக்குப் போகலயே."

"எங்கயும் போகாம இல்லயே, வீட்டுக்குத்தானே போயிருக்காங்க" என்றார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது. "நல்லசிவம், பலகைல எழுதுன எடத்துல ஜனங்க எறங்குறாங்கன்னா, நாமளே எழுதலாமே. குரோம்பேட்டைல கூட்டம் ஜாஸ்தியா? பாதிப் பேருக்கு அடுத்த ஸ்டாப்ப எழுதிடுவோம். நடந்து போயிக்கட்டும், ஒடம்புக்கும் நல்லது."

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். என் குரங்குக்கு இப்போது சிம்மாசனம் செய்யக் கிளம்பிவிட்டார்கள். நான் மறுபடியும் பலகைகளை அணைத்துவிடப் போகிறேன் என்று மேடத்துக்குத் தோன்றியிருக்க வேண்டும். மறுநாள் காலையில் என் கணினியிலிருந்து அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை வெறுங்கையோடு கிண்டி நிறுத்தத்துக்குப் போனேன். நிரோஷா வந்தாள். பலகையை என்னால் அணைக்க முடியவில்லை என்று சொன்னேன்.

"பரவால்ல சார். பாத்துக்கலாம்" என்றாள். கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

அதே 318. அதே ஜோதிபாசு. நிரோஷா உட்கார்ந்தாள், 'பல்லாவரம்' எரிந்தது. அடுத்த நிறுத்தத்தில் கோகிலவாணி டீச்சர் ஏறினார், வந்தார், கம்பியைப் பிடித்தார். அன்று அவர் கொஞ்சம் நொண்டியதை நான் கவனித்தேன். மீனம்பாக்கம் தாண்டியது.

பல்லாவரம் மேம்பாலம் தெரிந்தது. நிரோஷா அசையவில்லை.

"ஏம்மா" என்றார் டீச்சர். "உன் ஸ்டாப் வருது."

"இல்ல டீச்சர். நான் பெருங்களத்தூர்."

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "பலகைல பல்லாவரம்னு போட்டிருக்கே" என்றாள் பின்சீட்டுப் பெண். "தெனமும் பல்லாவரத்துல எறங்குற பொண்ணுதானே?" என்றது இன்னொரு குரல். "கால் கடுக்க நிக்கிறாங்க, சீட்டு மேல இவ்ளோ ஆசயா?" என்றது மூன்றாவது.

என்னால் பொறுக்க முடியவில்லை. "அந்தப் பலகை தப்புங்க. அதச் செஞ்சவனே நான்தான்" என்று கத்திவிட்டேன்.

ஒரு பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ தப்பு சொல்லலாம் தம்பி. பலகை தப்பு சொல்லாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் செய்த கருவிக்கு முன்னால் என் சொல் அம்பலம் ஏறவில்லை.

அப்போது நிரோஷா எழுந்து நின்றாள். போச்சு என்று நினைத்தேன். கூட்டம் பழக்கதோஷத்தில் வயிற்றை எக்கி வாசல்வரை வழிவிட்டது.

அவள் வாசல் பக்கம் திரும்பவே இல்லை. "டீச்சர், உங்களுக்குக் கால் வலிக்குது, தெரியுது. நீங்க உக்காருங்க. சீட்டு வேணாம் எனக்கு" என்றாள். கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "பெருங்களத்தூர்ல பஸ் ஓட்டக் கத்துக்கறதுக்குச் சேந்திருக்கேன். இன்னைக்கும் போகலன்னா பேர எடுத்துருவாங்க. நின்னுட்டே வர்றேன். ஆனா இங்க எறங்க மாட்டேன்."

பஸ் நின்றது. கதவு திறந்தது. அவளுக்காக விட்ட வழி, ஆள் யாரும் இல்லாமல், சீட்டிலிருந்து வாசல்வரை நீளமாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் வயிற்றை எக்கிக்கொண்டு நாற்பது பேர். ஒருவரும் இறங்கவில்லை. ஜோதிபாசு அந்தக் காலி வழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விசிலை வாயில் வைத்து ஒரு ஊது ஊதினார். அப்படி ஒரு விசிலை நான் அவரிடம் கேட்டதில்லை. வண்டி நகர்ந்தது. எல்லோரும் மூச்சை விட்டார்கள்.

வானம் இடிந்து விழவில்லை. பல்லாவரம் பின்னால் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

டீச்சர் உட்காராமல் நின்றிருந்தார். "என்ன வண்டின்னு சொன்ன? பஸ்ஸா?"

"ஆமாங்க டீச்சர்."

"இந்த மாதிரி பெரிய பஸ்ஸா?"

"ஆமா."

"இத முன்னாடியே வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?" என்றார்.

"யாரும் கேக்கலையே டீச்சர்."

டீச்சருக்கு அது சுருக்கென்று தைத்ததை முகம் காட்டியது. உட்கார்ந்தார். நிரோஷாவின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பின்சீட்டுப் பெண் நகர்ந்து, "ஒட்டி உக்காரும்மா, மூணு பேரு தாராளமா உக்காரலாம்" என்றாள். சற்று முன் சீட்டு ஆசை என்று சொன்ன அதே கூட்டம் இப்போது கிளட்ச்சைப் பற்றி அவளுக்கு அறிவுரை சொல்ல ஆரம்பித்தது. வண்டி ஓட்டத் தெரியாதவர்கள்தான் அதிகம் சொன்னார்கள்.

குரோம்பேட்டை வந்தபோது, தலைக்கு மேல் அந்தப் பெயர் எரிந்த ஒரு இளைஞன் எழப்போய், தயங்கி, மறுபடி உட்கார்ந்தான். யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தான். அவன் கம்பியைப் பிடித்திருந்தவர், "நீங்க எதுவரைக்கும்?" என்று கேட்டார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்தக் கேள்வி ஒரு பஸ்ஸில் காதில் விழுந்தது எனக்கு அன்றைக்குத்தான். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அது என் காதுக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

தாம்பரம் வந்தது. டீச்சரின் தலைக்கு மேல் 'தாம்பரம்' எரிந்துகொண்டிருந்தது. கல்லூரி மாணவி ஒருத்தி அவர் கம்பியைப் பிடித்துத் தயாராக நின்றாள்.

டீச்சர் எழவில்லை.

"டீச்சர், தாம்பரம்" என்றார் ஜோதிபாசு.

"தெரியுது. இருபத்திரெண்டு வருஷமா இந்த பஸ்ல வர்றேன் கண்டக்டர். கடைசி ஸ்டாப் எப்படி இருக்கும்னு ஒரு தடவகூடப் பாத்ததில்ல. இன்னைக்குப் பாக்கலாம்னு இருக்கேன்." மாணவியைப் பார்த்து, "கோச்சுக்காதம்மா. அடுத்த வெள்ளிக்கிழம உனக்கே தர்றேன்" என்றார். மாணவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எங்கள் ஐகோர்ட்டே தீர்ப்பை மாற்றி எழுதிவிட்டது.

பெருங்களத்தூரில் மணி ஆறு இருபத்திரண்டு. நிரோஷா பையை வாங்கிக்கொண்டு இறங்கினாள், ஓடினாள். பஸ் அவளைத் தாண்டும்வரை ஜன்னல்களில் தலைகள் நீண்டிருந்தன.

வண்டலூரில் எட்டுப் பேர் இறங்கினோம். அதில் ஏழு பேருக்குப் பலகை வேறு ஊர் எழுதியிருந்தது. ஒரு தகரக் கூரை, ஒரு டீக்கடை, நான்கு நாய்கள், பின்னால் இரண்டு பெரிய தூங்குமூஞ்சி மரங்கள். டீச்சர் இடுப்பில் கைவைத்துச் சுற்றிப் பார்த்தார். "இவ்ளோதானா?" என்றார். ஆனால் மிகவும் திருப்தியாகச் சொன்னார்.

டீ வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தபோது ரெஜினா மேடம் போன் செய்தார். "நல்லசிவம், 318-ல அம்பத்திரெண்டுன்னு வருது. மெஷின் கெட்டுப்போச்சா?"

"நல்லாதான் இருக்கு மேடம்."

"அப்ப மறுபடி ஓட்டுங்க. திங்கக்கெழமைக்குள்ள தொண்ணூத்தொம்பது வந்தாகணும்."

"இனிமே வராது மேடம். எறங்காம இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு பாத்துட்டாங்க."

"எத்தன பேரு பாத்தாங்க?"

"ஒரு பஸ் முழுக்க."

"ஒரு பஸ்தானே?"

"நாளைக்கு அவங்க வேற வேற பஸ்ல போவாங்க மேடம்."

"அந்த அறுபத்தொண்ணு ரிப்போர்ட்ட அனுப்புங்க, மறுபடி படிக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

பேசிக்கொண்டே இருந்துவிட்டு, எட்டு மணிக்குத் திரும்பி வருகிற பஸ்ஸில் ஏறியபோது ஒரு வேடிக்கை. வண்டலூர்க்காரர் ஒருவர் போக, மற்ற எங்கள் ஏழு பேர் தலைக்கு மேலும் பலகைகள் வெறுமையாக இருந்தன. அந்த நேரத்தில், அந்த நிறுத்தத்தில் நாங்கள் யாரும் வாழ்நாளில் ஏறியதில்லை. இயந்திரத்துக்குச் சொல்ல ஒன்றுமில்லை. "என்ன தம்பி, உன் ஜோசியருக்கு வாயடைச்சுப் போச்சு?" என்றார் டீச்சர்.

பெருங்களத்தூரில் நிரோஷா ஏறினாள். முழங்கைவரை கிரீஸ். டீச்சர் அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தார். புடவையில் கறை பட்டதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"ஓட்ட விட்டாங்களா?"

"மொத நாள் டயர் கழட்ட விட்டாங்க டீச்சர். நாலு பேரு சேந்து கழட்டுனோம். என் பேரு லிஸ்ட்டுல பத்தாவதா இருக்கு" என்றாள். டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தாம்பரத்தில் டீச்சர் இறங்கினார். நானும் இறங்கியிருக்க வேண்டும், மனம் வரவில்லை. பல்லாவரம் வந்தது. நிரோஷாவின் தலைக்கு மேல் ஒரு எழுத்தும் இல்லை. யாரும் வழி விடுங்கள் என்று சொல்லவில்லை, யாரும் அவளைப் பார்க்கவும் இல்லை. அவள் சோம்பல் முறித்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தானாகவே எழுந்து இறங்கிப் போனாள்.